எவர்சில்வர் டப்பா

2003 நவம்பரில் என் மேசையில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று, ஐ.எஸ்.ஓ. 9001 புதிய பதிப்புக்காக நான் எழுதிக்கொண்டிருந்த தரக் கையேடு. மற்றது வாடிக்கையாளரிடமிருந்து வந்து குவிந்த டெபிட் நோட்டுகள். இரண்டுமே நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு போயின.

கையேட்டுக்குக் கெடு இருந்தது. 1994 பதிப்பின்படி வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் அந்த டிசம்பர் 15-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விடும். சான்றிதழ் இல்லாவிட்டால் பெரிய வண்டிக் கம்பெனிகளின் சப்ளையர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்ற பயம் முதலாளிக்கு. அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வெளியே வடகிழக்குப் பருவமழை. எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கி ஆட்கள் தாமதமாக வந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில் ஒரு சிறிய பவுண்டரி. இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பட்டறைகள் முளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1946-இல் இதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் பின்னாளில் டயர்க் கம்பெனியான எம்.ஆர்.எஃப். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டுக்கு ஆலை போட்டார்கள். பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் வேண்டும். லேத், மில்லிங் மிஷின், சிறு உலை என்று சந்துக்குச் சந்து பட்டறைகள் வந்தன. ராயபுரம் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் பெட்டியில் பாதிப் பேர் கையில் சாப்பாட்டுத் தூக்கு, நகக்கண்ணில் கிரீஸ் கறை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் அது. எனக்கு அது ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகும் ஸ்டேஷன்.

எங்கள் பட்டறையில் வார்த்தது சாம்பல் வார்ப்பிரும்பு. உள்ளே தண்ணீர் ஓட வழி உள்ள ஒரு பாகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்த உள்வழிக்காக மணலில் ஒரு கோர் செய்து அச்சுக்குள் வைப்போம். இரும்பு கோரைச் சுற்றி நிறையும்; ஆறியபின் கோர் மணலை உதிர்த்து எடுத்தால் உள்ளே வழி கிடைக்கும். கோர் அசையாமல், சுவர் கனம் மாறாமல் நிற்க, அதற்கு முட்டுக்கொடுப்பதுபோலச் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை வைப்போம். அதற்குச் சாப்லெட் என்று பெயர். சட்டை பட்டன் அளவு தலையும் குட்டைக் காலுமாக இருக்கும். மேலே வெள்ளீயம் பூசியிருக்கும். 1,350 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு ஊற்றும்போது சாப்லெட்டும் அதனோடு ஒட்டி வார்ப்பின் உடம்பாகவே ஆகிவிட வேண்டும்.

வந்த புகார் ப்ளோஹோல். வார்ப்பின் தோலுக்குக் கீழே காற்றுக் குமிழ்போல ஒரு குழி. எங்களிடமிருந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் மிஷினில் ஏற்றி இரண்டு மில்லிமீட்டர் சீவியதும் பல்லிளிக்கும். அதற்குள் அவர்களுடைய மிஷின் நேரம், டூல், ஆள் கூலி எல்லாம் செலவாகியிருக்கும். அத்தனையும் சேர்த்துத்தான் டெபிட் நோட் வரும். கழித்த வார்ப்பைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம், இரும்பு எங்கேயும் போகாது என்று முதலாளி தன்னைத் தேற்றிக்கொள்வார். இரும்பு போகாதுதான். அதை உருக்கிய மின்சாரம், கோர் செய்த கை, அச்சு அடித்த உழைப்பு, லாரி வாடகை, வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கை இவையெல்லாம் போய்விடும்.

தரத் துறைப் பொறுப்பு என்னுடையது. நான் செய்ததை இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். அறையில் தனியாக உட்கார்ந்து, தவற்றின் காரணம் தேட உதவும் இஷிகாவாவின் மீன்முள் படம் வரைந்தேன். மனிதன், இயந்திரம், பொருள், முறை என்று நான்கு முள். மூன்று முள்களில் எழுத ஒன்றும் அகப்படவில்லை, ஏனென்றால் நான் தளத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. பதிவேடுகளின்படி எல்லாம் சரியாக இருந்தது. மணலின் ஈரம் மூன்றரை சதவீதம், மறுநாளும் மூன்றரை, அதற்கு மறுநாளும் மூன்றரை. மழை கொட்டிய நாளிலும் மூன்றரை. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வார இறுதியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது என்று பார்த்தவுடன் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆடிட்டுக்குப் பதிவேட்டில் இடைவெளி இல்லாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். ஆகவே 'மனிதன்' என்ற முள்ளில் 'தொழிலாளர் கவனக்குறைவு' என்று எழுதினேன். திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'சம்பந்தப்பட்டவர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது'.

இந்த வரியை எத்தனை பட்டறைகளின் படிவங்களில் பார்த்திருக்கிறேன்! எங்கே தப்பு நடந்தாலும் கடைசியில் 'மறுபயிற்சி'. அந்த மறுபயிற்சி பெரும்பாலும், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பத்து நிமிடம் திட்டிவிட்டு, வருகைத்தாளில் கையெழுத்து வாங்குவது. பயிற்சி என்ற நல்ல சொல்லைத் தண்டனைக்குப் பெயராக்கிவிட்டோம். தொழிலாளிக்கு 'டிரெய்னிங்' என்று கேட்டதும் முகம் சுருங்குவது அதனால்தான்.

புதிய பதிப்பு உண்மையில் எங்களைக் காகிதத்திலிருந்து விடுவிக்க வந்தது. 1994 பதிப்பில் இருபது கூறுகள். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் நடைமுறை எழுத வேண்டும். 2000 பதிப்பு ஆறே ஆறு நடைமுறைகளைத்தான் எழுத்தில் கட்டாயம் கேட்டது. மீதியை உன் தொழிலுக்கு எது தேவையோ அதை நீயே தீர்மானி என்றது. பழைய பதிப்பில் பயிற்சிக்குப் பதிவேடு இருந்தால் ஏறக்குறைய போதும். புதியதில் 6.2.2 பிரிவு ஆளின் தகுதியைக் கேட்டது. கொடுத்த பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிடச் சொன்னது. தான் செய்யும் வேலை ஏன் முக்கியம் என்று ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்றது. அதையெல்லாம் நான் படித்தேன், அப்படியே தமிழாக்கிக் கையேட்டில் சேர்த்தேன். டிசம்பர் முதல் வாரம் ஆடிட் நடந்தது. சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு முதலாளி அறையில் மாட்டினோம். அதே வாரம் இன்னொரு டெபிட் நோட் வந்தது.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. கழித்த வார்ப்புகளைத் திருப்பி வாங்கி மின் ரம்பத்தில் அறுத்துப் பார்த்தோம். குழிகள் ஏறக்குறைய எல்லாமே சாப்லெட்டுக்குப் பக்கத்தில். எங்கள் வார்ப்பு ஒவ்வொன்றிலும் தேதியும் ஷிஃப்டும் புடைப்பாக விழும். அவற்றைக் குறித்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். 'ராத்திரி ஆளுங்க தூங்கி வழியிறானுங்க' என்று தளத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததற்குச் சாட்சி கிடைத்ததுபோலிருந்தது. எனக்கும் அப்படியே முடித்துவிடத் தோன்றியது. பகல் ஷிஃப்டிலும் நான்கு நாள் தேதிகள் இருந்தன, அடுத்தடுத்த நான்கு நாட்கள். அவை மட்டும் உறுத்தின.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு நாளும் கோர் ஷாப்பில் ஓர் ஆள் விடுப்பு. நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண். மகளுக்குப் பிரசவம் என்று போயிருந்தார். எங்கள் பட்டறையில் அப்போது பெண்களுக்கு இரவு வேலை கிடையாது. அதாவது அக்கா இல்லாத நேரம் என்றால் இரவு ஷிஃப்ட் முழுவதும், அதோடு அந்த நான்கு நாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் கோர் ஷாப் மூலையில் போய் நின்றேன். பேசவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார், சேலையை இழுத்துச் செருகினார், மேலே காக்கிச் சட்டையை மாட்டினார். கோர் அடுப்பின் மேல்தட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை இறக்கினார். சோற்று டப்பா என்றுதான் நினைத்தேன். திறந்தால் உள்ளே பருத்தித் துணியில் சுற்றிய சாப்லெட்கள். அன்றைக்கு வேண்டியதை எண்ணி எடுத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சிலவற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இரண்டை ஒதுக்கினார். வேலை முடிந்து போகும்போது கடல் பக்கத்து ஜன்னலடியில் திறந்து கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து நாளைக்கு வேண்டியதை அள்ளித் துடைத்து, டப்பாவில் போட்டு அடுப்பின்மேல் ஏற்றுவாராம். இரவு ஆட்கள் அந்த அட்டைப்பெட்டியிலிருந்து நேரே எடுத்து வைத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம், யாரும் தப்பு சொல்லவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"உப்புக் காத்து சார். ஒரே ராத்திரில பூத்துக்கும். எங்க நைனா கட்டுமரத்துக்குப் போவாரு, தூண்டி முள்ள துணில சுத்தி அடுப்பாண்டதான் வெப்பாரு. ஜில்லுனு இருந்தா ஈரம் கீதுன்னு அர்த்தம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"முன்னாடி ஒரு சூப்பர்வைசர் இருந்தாரே, அவராண்ட சொன்னேன். ஒன் வேலய பாருன்னாரு. பாத்துகினுதான் கீறேன்."

காசிமேட்டுப் பெண் அவர். கடலுக்கும் எங்கள் உலைக்கும் நடுவே இருந்தது ஒரு சாலையும் சில நூறு அடியும்தான். வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் இருந்தால் போதும், உப்பு ஈரம் அதில் பிடித்துக்கொள்ளும். துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கொதிக்கும் இரும்பிலுள்ள கரியோடு அது சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு பிறக்கும். குளிர்ந்த சாப்லெட்டில் படிந்த ஈரமோ ஆவியாகும், அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து இரும்புக்குள் போகும். வெளியேற வழியில்லாத வாயு அங்கேயே குழியாக உறைந்துவிடும். டிப்ளமோவில் இதையெல்லாம் படித்துத் தேர்வு எழுதியவன் நான். கன்னத்தில் வைத்துப் பார்த்தது அவர்.

சோதித்தோம். ஒரு வாரம் இரவு ஷிஃப்டுக்கும் அக்காவின் டப்பாவிலிருந்தே சாப்லெட் போயிற்று. அந்த வாரத்து வார்ப்புகளை வாடிக்கையாளர் சீவும்போது நானும் உடன் போய் நின்றேன். குழி இல்லை.

பிறகு எழுத உட்கார்ந்தோம். நான் முதலில் எழுதிக் காட்டியது இப்படி இருந்தது: 'சாப்லெட்கள் உரிய வெப்பநிலையில் உலர்த்தப்பட்டு, காட்சி ஆய்வுக்குப் பின் பயன்படுத்தப்பட வேண்டும்.' அக்கா எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். "இது யாருக்கு சார்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் எனக்குத் தெரிந்தது: ஆடிட்டருக்கு. அதைக் கிழித்துவிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டப்பா எங்கே இருக்க வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும், துரு எந்த நிறத்தில் தொடங்கும், ஜில்லென்று இருந்தால் என்ன செய்ய வேண்டும், மீந்ததை எங்கே வைக்க வேண்டும். ஒரே பக்கம். கீழே 'தயாரித்தவர்' என்ற கட்டம் இருந்தது. எங்கள் பட்டறையில் அதுவரை அந்தக் கட்டத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். பேனாவை அக்காவிடம் நீட்டினேன். சம்பளப் பேரேட்டைத் தவிர வேறெதிலும் அந்தப் பட்டறையில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு போட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்துப் பேச்செல்லாம் சென்னையின் பாடிப் பகுதி ஆலைகளைப் பற்றித்தான். 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம். 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-இல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். என்று அடுத்தடுத்து வாங்கினார்கள். 1950-இல் அமெரிக்கர் டெமிங் ஜப்பானில் உரையாற்றியதன் நினைவாக அங்கே 1951 முதல் கொடுக்கப்படும் பரிசு, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பளபளக்கும் தரையைப் பற்றியும், மஞ்சள் கோடுகளைப் பற்றியும், சுவரெல்லாம் தொங்கும் வரைபடங்களைப் பற்றியும் சொன்னார்கள். எங்கள் முதலாளியும் மஞ்சள் பெயின்ட் வாங்கினார். அந்த ஆலைகளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் யோஷிகாஸு சுடா பெயரும் எங்கள் காதில் விழுந்தது. ஆனால் கோட்டுக்கும் பரிசுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது எனக்கு அக்காவின் டப்பாவைப் பார்த்தபின்தான் பிடிபட்டது. தளத்தில் நிற்பவனிடமிருந்து ஆலோசனை வாங்கி, அதைச் சோதித்து, வேலை முறையாகவே மாற்றுவதை அங்கே ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்திருக்கிறார்கள். இஷிகாவா 1962-இல் ஜப்பானில் தரவட்டங்களைத் தொடங்கியதும், 1980-இல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

நாங்களும் ஒரு வட்டம் தொடங்கினோம். அக்கா, மோல்டிங் மேஸ்திரி, இரவு ஷிஃப்டிலிருந்து இரண்டு பேர், நான். காலை ஷிஃப்ட் மாறும்போது அரை மணி நேரம். அதற்கு ஓவர்டைம் கூலி வேண்டும் என்று நான் முதலாளியிடம் கேட்டபோது, "பேசறதுக்குக் காசா?" என்றார். டெபிட் நோட்டுகளைக் கூட்டி எழுதிய தாளை அவர்முன் வைத்தேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பிறகு நிறுத்தவே இல்லை. பேசுவதற்குக் காசு கொடுத்தது அந்தப் பட்டறை எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். தொழிலாளியின் சொந்த நேரத்தைத் திருடி நடத்தும் பயிற்சியில் அவன் மனம் திறக்க மாட்டான்.

மணல் பதிவேடும் மாறியது. மேஸ்திரி நாற்பது ஆண்டுக் கை. மணலை ஒரு பிடி பிடித்து, உடைத்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். உடைந்த விளிம்பு கூராக நின்றால் சரி, உதிர்ந்தால் காய்ந்த மணல், உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். மீட்டர் காட்டுவதையும் அவர் கை சொல்வதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் யார் சரி என்று தேடினோம். ஒருமுறை மீட்டர்தான் பழுதாகியிருந்தது. இன்னொருமுறை அவருக்குக் காய்ச்சல். கை சூட்டில் மணலின் ஈரம் தெரியவில்லை. அதை அவரே வந்து சொன்னார். அதற்குப்பின் பதிவேட்டில் மூன்றரை தொடர்ந்து வந்ததே இல்லை.

ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு பலகை உண்டு. ஆள் பெயர் ஒரு பக்கம், வேலைகள் மேலே, நடுவில் நான்காகப் பிரித்த வட்டங்கள். கற்றுக்கொள்கிறவனுக்குக் கால் வட்டம், துணையோடு செய்பவனுக்கு அரை, தனியாகச் செய்பவனுக்கு முக்கால், பிறருக்குச் சொல்லித்தர முடிந்தவனுக்கு முழு வட்டம். முதலில் அதையும் நானே அறையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தேன். எல்லாம் முழு நிலவுகள். அழித்துவிட்டு எங்கள் தரவட்டத்தின் கையில் கொடுத்தோம். ஒருவன் வேறொருவனுக்குச் சொல்லித்தந்து, அந்த வேறொருவன் வார்த்தது கழியாமல் போனால்தான் முழு வட்டம். பலகை பாதி வெறுமையானது. எங்கள் உண்மை நிலை அன்றுதான் சுவரில் ஏறியது. முழு வட்டத்துக்கு மாதம் ஒரு சிறு படி என்று முதலாளி அறிவித்ததும், இரவு ஷிஃப்டில் சொல்லித்தரவும் கற்றுக்கொள்ளவும் ஆட்கள் தாமாகவே நின்றார்கள்.

அடுத்த மழைக்காலம் ஒரு டெபிட் நோட்டும் இல்லாமல் போயிற்று. அதன்பின் அந்த வாடிக்கையாளர் எங்களுக்கு இன்னொரு பாகத்தையும் கொடுத்தார்.

எல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. சில ஆண்டுகளில் நிரந்தர ஆட்கள் ஓய்வு பெற, கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நன்றாக உழைப்பார்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கால் வட்டம் அரை வட்டமாவதற்குள் கான்ட்ராக்டர் அவர்களை வேறு ஆலைக்கு மாற்றிவிடுவார். அந்தப் பிள்ளைகளின் பெயர் பலகையிலேயே ஏறவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்குப் பயிற்சி எதற்கு என்பது நிர்வாகத்தின் வாதம். இரும்புக்கு ஊற்றுகிறவன் நிரந்தரமா தற்காலிகமா என்று தெரியாது என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைகளை மாற்றிக்கொண்டே தரத்தை மட்டும் நிலையாக வைத்திருக்க முடியாது. வடசென்னையின் பல பட்டறைகள் இந்த இடத்தில்தான் சறுக்கின. என்னால் முடிந்தது அக்காவின் பக்கத்தைப் படங்களாக்கி ஒட்டியதுதான்.

பவுண்டரி கும்மிடிப்பூண்டிக்கு மாறியது. அக்கா ஓய்வு பெற்றார். நானும் ஓய்வு பெற்றேன். 2015-இல் வந்த பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவு சேர்ந்தது: நிறுவனத்துக்குத் தேவையான அறிவு எது என்று கண்டறிந்து அதைக் காப்பாற்றி வை என்கிறது. படித்தபோது அக்காவுக்குப் போன் செய்யத் தோன்றியது, செய்யவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மழை நாளில் பவுண்டரியில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். ப்ளோஹோல் வருகிறது என்றார். சாப்லெட் டப்பா அடுப்பின்மேல்தானே இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "அதை எடுத்துட்டோம் சார். எதுக்குன்னு தெரியல. இங்க கடல் பக்கத்துல இல்லையே. அந்தப் பேப்பர்லயும் எதுக்குன்னு போடல."

உண்மைதான். எங்கே வைக்க வேண்டும், எத்தனை எடுக்க வேண்டும் என்று அத்தனையும் எழுதியிருந்தோம். ஏன் என்று எழுதவில்லை. எழுதிய அன்று எங்கள் இருவருக்கும் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் விட்டுவிட்டோம். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த வாரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் போனேன். எழுபதை நெருங்கியிருந்தார்; பிளாட்பாரப் படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டார். புதிய கொட்டகை பெரிது, வெளிச்சமானது. கோர் ஷாப்பில் ஏழெட்டு ஒடியாப் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். இன்ஜினியர் நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை. சாப்லெட் பெட்டி இருந்த இடத்துக்கு நேராகப் போனார், ஜன்னலைப் பார்த்தார், பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்.

"தம்பி, ராத்திரில காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டார். இன்ஜினியருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருவன் கையை நீட்டிக் காட்டினான்.